நனையாத குறிப்பேடு

பேராசிரியர் வேங்கடசுப்ரமணியன் மலையேறிய கதை தெரியாதவர் மாட்டுங்காவில் கிடையாது. அட்டை அவர் காலில் எந்த இடத்தில் கடித்தது, அதை உதிர்க்க எத்தனை சிட்டிகை உப்பு செலவானது என்பதெல்லாம் கல்லூரி வாசலில் இஸ்திரி போடுகிறவருக்குக்கூட அத்துப்படி. இரண்டு மழைக்காலம், பதினொரு பயணம், இருநூற்றுப் பதினாலு செடிகள். மகாபலேஷ்வர் பக்கத்து மலைமேட்டில், மழை மாதங்களில் மட்டும் தண்ணீர் நிற்கும் பாறைக் குட்டைகளில், யாரும் விதைக்காமல் முளைத்து, யாரும் பார்க்காமல் பூத்து, யாருக்கும் சொல்லாமல் காய்ந்து போகிற செடிகள் அவை. அப்படிப்பட்ட கூச்ச சுபாவிகளுக்கு இப்படியொரு தமுக்குக்காரர் வாய்த்தது அவற்றின் தலையெழுத்து.

அந்தச் செடிகளைத் தாளில் ஏற்றுகிற வேலை ஷ்யாமளாவுடையது. கல்லூரியின் தாவரவியல் துறையில் இருபத்தொன்பது வருஷமாக ஹெர்பேரியம் உதவியாளர். ஹெர்பேரியம் என்றால் பெரிய மாயமில்லை. பறித்த செடியைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து அழுத்திக் காயவைத்து, தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டி, வலது கீழ் மூலையில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். என்ன செடி, எங்கே, என்றைக்கு, பறித்தது யார். சீட்டு உண்மையாக இருந்தால் அந்தச் செடி நூறு வருஷம் கழித்தும் சாட்சி சொல்லும். சீட்டு பொய் என்றால் அது காய்ந்த கீரை.

இந்தச் செடிகளைப் பற்றிப் பேராசிரியர் எழுதியிருக்கும் நூல் அச்சுக்குப் போகுமுன் தாள்களைச் சோதிக்க, வெள்ளிக்கிழமை புனேயிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. அதற்கு முன்னால் ஷ்யாமளா ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். 'இத்தாள்கள் அனைத்தையும் களக் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்துச் சரியெனக் கண்டேன்.' அடியில் அவள் பெயர் மட்டும். பேராசிரியர் பெயர் நூலின் அட்டையில் வரும். தப்பு நேர்ந்தால் பொறுப்பு வருகிற இடத்தில் வராது. அந்த ஏற்பாடே அவளுக்கு உறுத்தியது.

உறுத்தக் காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் காணாமல் போன ஒரு மைக்ராஸ்கோப், பரிசோதனைக்கூட உதவியாளர் ஹமீதின் கையெழுத்தோடு பதிவேட்டில் மட்டும் பத்திரமாக அலமாரியில் இருந்தது. "சும்மா ஒரு சைன் போடுங்க ஹமீது பாய்" என்றார்கள், போட்டார். விசாரணை முடியும் வரை அவருடைய பென்ஷன் நின்றது. விசாரணை இன்னும் முடியவில்லை. ஷ்யாமளா ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம்.

திங்கட்கிழமை பேராசிரியர் அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஷ்யாமளா, அந்த சர்டிபிகேட்டுல ஒரு கையெழுத்து போட்டுடுங்கோ."

"பாத்துட்டுப் போடறேன் சார்."

"என்னத்தப் பாக்கப்போறேள்? அதான் நான் பாத்தாச்சே."

"நீங்க பாத்ததை நான் பாத்தேன்னுதான சார் இதுல எழுதியிருக்கு."

அவர் சிரித்தார். மலையேறியவர்களுக்கே உரிய, தரையில் இருப்பவர்களை மன்னிக்கிற சிரிப்பு. களக் குறிப்பேட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பழுப்புத் தோல் அட்டை, நடுவில் பட்டுக்கயிறு.

ஷ்யாமளா பிரித்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. இரண்டு மழைக்காலத்துக்குப் பேனா தீரவில்லை. ஈரநிலம், முழங்கால் தண்ணீர், கொட்டும் மழை என்று வரிக்கு வரி எழுதியிருக்கிறது, ஒரு எழுத்தாவது கசிந்திருக்க வேண்டுமே. அவள் வீட்டு மளிகைச் சீட்டில்கூட இதைவிட அதிகம் தண்ணீர் பட்டிருக்கும். குறிப்பேட்டை மூக்கருகே கொண்டுபோனாள். மண்வாசனை இல்லை. சந்தன ஊதுபத்தி வாசனை வந்தது.

எண்பத்தேழாம் எண்ணில் அவள் விரல் நின்றது. '2025 ஆகஸ்ட் 9. காலை 8.15. கடும் மழை. மேற்குச் சூரியாஸ்தமன முனைக்கு அருகில், முழங்கால் நீரில் நின்று பறித்தேன்.'

ஆகஸ்ட் ஒன்பது. அன்று சனிக்கிழமை. அன்றைக்குக் காலையில் ஆறு மணிக்கே மகன் கௌசிக்கை எழுப்ப அவள் பட்ட பாடு அவளுக்கு மறக்கவில்லை. ஆவணி அவிட்டம்.

செம்பூர் வீட்டுக்கு வந்ததும் மகனிடம் கேட்டாள். "டேய், பூணூல் மாத்தப் போனியே, அன்னிக்கு போட்டோ எடுத்தியோல்லியோ?"

"எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேனே. நான் போனேங்கறதுக்கு உனக்கு ப்ரூஃப் வேணும்னு சொன்னியே."

"காட்டு."

ஐரோலி கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் கௌசிக், வேண்டா வெறுப்பாகப் போனைத் தந்தான். மாட்டுங்கா ஹால். படத்தின் முன்பக்கம் முழுக்க அவன் முகம். அவன் தோளுக்குப் பின்னால், முதல் வரிசையில், பஞ்சபாத்திரத்துக்கு முன் சப்பணமிட்டு, வெற்று மார்பும் விபூதியுமாக, கண்ணை மூடிக்கொண்டு பேராசிரியர் வேங்கடசுப்ரமணியன். நேரம் 8.22.

"இவர் யாரும்மா? இவர்தான் வாத்தியாரையே திருத்திண்டு இருந்தார்."

"இவரா? இவர் அப்போ மகாபலேஷ்வர்ல முழங்கால் தண்ணில நின்னுண்டிருக்கார்."

ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்பது ரிஷிகளுக்குச் சாத்தியம். பேராசிரியர்களுக்குப் பயணப்படி விண்ணப்பம் தேவைப்படும்.

ஆக, போகவில்லை. அப்படியானால் இந்தச் செடிகள் எங்கிருந்து வந்தன? செம்பூர் ரயில் பாதையோரச் சாக்கடையில் பறித்து மலைச்செடி என்று பெயர் சூட்டிவிட்டாரோ? செவ்வாய்க்கிழமை காலை எண்பத்தேழாம் தாளை லென்ஸுக்கு அடியில் வைத்தாள். சுண்டுவிரல் உயரம்; நுனியில் சட்டைப் பொத்தான் மாதிரி வெள்ளைத் தலை. அலமாரியில் எழுபது வருஷத்துப் பழைய தாள்களில் இதே செடி இருந்தது. எல்லாச் சீட்டிலும் மலைமேடு, மலைமேடு, மலைமேடு. சாக்கடையோரம் ஒன்றுகூட இல்லை.

செடி மலைக்குப் போயிருக்கிறது. பேராசிரியர்தான் போகவில்லை.

இது அவளை இன்னும் கலவரப்படுத்தியது. முழுப் பொய்யைக் கண்டுபிடிப்பது எளிது. பாதி உண்மை கலந்த பொய்தான் ஹமீதுகளை மாட்டிவைக்கும்.

பீரோவுக்கு அடியில் ஒரு கட்டு இருந்தது. செடிகள் மடித்து வந்த பழைய செய்தித்தாள்கள். "பழைய பேப்பர் எடுக்கற ரத்திக்காரன்கிட்ட போட்டுடுங்கோ" என்று பேராசிரியர் சொன்னபோதே, எதையாவது போடச் சொன்னால் வைத்துக்கொள்கிற வழக்கப்படி அவள் எடுத்து வைத்தது. எல்லாம் மும்பையில் விற்கும் தமிழ்ப் பேப்பர். அதனால் ஒன்றும் நிரூபணமாகாது. மலைக்குப் போகிறவர் வீட்டுப் பேப்பரைக் கொண்டுபோவதுதான் வழக்கம். ஆனால் ஒவ்வொன்றிலும் வட்ட வட்டமாகக் கறை. சென்ற மாதம் அவள் கேட்டதற்கு, "உயர்நில ஈரப்பதத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை" என்று பேராசிரியர் வகுப்பெடுத்திருந்தார்.

ஷ்யாமளா ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டம். அஞ்சு சுற்று. முகர்ந்தாள். பெருங்காயமும் எள்ளும்.

கைமுறுக்கு.

பாலக்காட்டுக் கல்யாண வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு முறுக்கைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. எண்ணெயிலிருந்து எடுத்த முறுக்கைப் பேப்பரில் வடியவிட்ட தடம் அது. செடிகளைத் தடத்துக்கு நடுவே எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. சுற்று எதிர்ப்பக்கமாகப் போகிறது. தாளைத் திருப்பிப் பிடித்திருக்கிறோமோ என்று இரண்டு தடவை சரிபார்த்தாள். இல்லை. உலகத்து முறுக்கெல்லாம் ஒரு பக்கம் சுழித்தால் இது மறுபக்கம் சுழித்திருந்தது. இடது கைக்காரர் சுற்றினால்தான் அப்படி வரும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைத்தெருவுக்குப் போனாள். மூன்றாவது பட்சணக் கடையில் கண்ணாடி ஜாடிக்குள் அந்தச் சுழி இருந்தது.

"இது யார் பண்றது?"

கடைக்காரர் நிமிர்ந்தார். "ஏன் மாமி, சிக்குவாடை வர்றதா?"

"நன்னாயிருக்கு. அதான் கேக்கறேன்."

நன்றாக இருக்கிறது என்று சொல்லி விலாசம் கேட்கிறவர்களைக் கடைக்காரர்கள் நம்புவதில்லை. அரைக் கிலோ வாங்கின பிறகுதான் சொன்னார். "தாராவி. தொண்ணூறு அடி ரோட்டுலேர்ந்து உள்ளே போகணும். மாரீஸ்வரின்னு கேளுங்கோ."

சாயங்காலம் ஆட்டோ பிடித்துப் போனாள். சந்து, அதற்குள் இன்னொரு சந்து, குடை விரித்தால் மாட்டிக்கொள்ளும் அகலம். ஒரு கதவிலிருந்து எண்ணெய்ப் புகை வந்தது. உள்ளே இரண்டு அடுப்பு, மூன்று பெண்கள், சுவர் உயரத்துக்குத் தகர டின்கள். நடுவில் உட்கார்ந்து இடது கையால் மாவைச் சுற்றிக்கொண்டிருந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். அவள் ஷ்யாமளாவின் கண்ணாடியைப் பார்த்தாள், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள், தோள்பையைப் பார்த்தாள். அடுத்த விநாடி அந்த அறையில் பரப்பியிருந்த பேப்பரெல்லாம் காணவில்லை. மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் இசக்கிதுரை மட்டும், ஒரு சாண் உயரம் கூடின மாதிரி, எதன் மேலோ உட்கார்ந்திருந்தான்.

"யாரு மேடம் நீங்க? பி.எம்.சி. இன்ஸ்பெக்டரா?" என்றாள் மாரீஸ்வரி.

"இல்லை. காலேஜ்லேர்ந்து வரேன்."

"காலேஜ்ல இருந்து முறுக்க பாக்க எதுக்கு வாறிய?"

"முறுக்கைப் பாக்க வரலை. பேப்பரைப் பாக்க வந்தேன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. செய்தித்தாளில் பட்சணத்தை வடியவிட்டால் முனிசிபாலிடி அபராதம் போடும். "பேப்பரா? இங்க பேப்பரே கிடையாது. எல்லாம் பட்டர் பேப்பர்தான். ஏங்க, சொல்லுங்களேன்."

"பேப்பர் படிக்கிற பழக்கமே நமக்கு இல்ல மேடம்" என்றான் இசக்கிதுரை, பேப்பர் கட்டின் மேலிருந்து.

ஷ்யாமளா வாதாடவில்லை. பையிலிருந்து ஒரு மடிப்பை எடுத்து விரித்தாள். உள்ளே காய்ந்த செடி, வெள்ளைத் தலை.

"அட, நம்ம பொத்தாம்பூ" என்றாள் மாரீஸ்வரி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இது உங்களுக்கு எங்க கெடச்சுது?"

"உங்களுக்கு எங்க கெடச்சுது?"

அடுப்பில் எண்ணெய் சலசலத்தது. மாரீஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் மேற்கூரையைப் பார்த்தான்.

"சார் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னாவ. சர்க்கார் ரகசியமாம்" என்றாள்.

"வேங்கடசுப்ரமணியன் சாரா?"

"அந்தப் பேரு முழுசா சொல்ல வராது. மாட்டுங்கா சாருன்னுதான் சொல்லுவோம்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பத்து நாளைக்கு ஒரு தடவை இசக்கிதுரையின் டெம்போ முறுக்கு டின்களோடு மலைமேல் கடைகளுக்குப் போகும்; மாரீஸ்வரியும் கூடப் போவாள். மழைக்காலத்தில்தான் வேடிக்கை பார்க்கிற கூட்டம் அதிகம். அவர்களுக்கு நனைந்துகொண்டே கடிக்க ஏதாவது வேண்டும். திரும்பும்போது வண்டி காலி. வழியில் ரோட்டோரக் குட்டைகளில் பூத்திருப்பதைப் பறித்து, வண்டி முகப்பில் இருக்கும் பிள்ளையாருக்கு வைப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன் மாட்டுங்கா கடை வாசலில் டின் இறக்கும்போது ஒரு பெரிய மனிதர் நடுரோட்டில் நின்று, பிள்ளையாரைக் கும்பிடாமல் பூவைக் கும்பிட்டார்.

"வேரோட பறிக்கணும், பேப்பருல மடிக்கணும், மேல பாரம் வைக்கணும்னு சொல்லித் தந்தாவ. முறுக்கு டின்ன விட பாரம் எது? நம்பரு போட்டு, எங்க எடுத்தன்னு எழுதி வைன்னாவ. மவ நோட்டுல மிச்சப் பக்கம் கெடந்துச்சு, அதுல எழுதுனேன்."

"எங்கே அந்த நோட்டு?"

மாரீஸ்வரி டின்களுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தாள், கையில் தராமல் தூரத்திலிருந்தே காட்டினாள். அட்டை ஊதிப்போயிருந்தது. பக்கங்கள் நனைந்து காய்ந்து அலை அலையாக நின்றன. பென்சில் எழுத்து, "பேனான்னா பாரிஷ்ல நனஞ்சு ஓடிப்போவும்லா" என்றாள். ஓரங்களில் சேறு. ஒரு பக்கத்தில் ஒரு பூச்சி தன் கடைசி நாளை அழுத்தமாகப் பதித்திருந்தது.

ஷ்யாமளா இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழுக்கான, இவ்வளவு நம்பகமான ஒரு பொருளைக் கண்டதில்லை.

"எண்பத்தேழு என்ன எழுதியிருக்குன்னு படியுங்கோ."

மாரீஸ்வரி படித்தாள். "ஆகஸ்ட் ஒம்பது, சனி. மேட்டுல ரெண்டாவது குட்டை. அனுமார் கோவில் தாண்டி, எரும படுக்குற பக்கம் இல்ல, எதுத்த பக்கம். கெண்டக்கால் தண்ணி. வெள்ளப் பொத்தான்."

"சூரியாஸ்தமன முனைக்குப் பக்கத்துலன்னு சார் எழுதியிருக்காரே?"

முதல் தடவையாக இசக்கிதுரை சிரித்தான். "சன்செட் பாயிண்ட்டா? அங்க ஏது குட்டை? வண்டி காடி நிறுத்துற இடம் மேடம் அது. மக்காச்சோளம் சுட்டு விக்கான்."

பேராசிரியர் ஊர்ப் படத்தை விரித்து வைத்து, கேட்க நன்றாக இருக்கிற பெயராகப் பார்த்து எழுதியிருக்கிறார். இதற்குத்தான் ஷ்யாமளாவின் கையெழுத்தைக் கேட்கிறார்கள்.

"நோட்டைக் குடுங்கோ. ரெண்டு நாள்ல திருப்பித் தரேன்."

"அது முடியாது. நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது." மாரீஸ்வரி நோட்டை முந்தானைக்குள் மறைத்தாள். "புக்குல எம்பேரு போடுதேன்னு சார் சொல்லிருக்காவ. நோட்ட கொண்டுட்டுப் போய்ட்டா பொறவு நான் எதக் காட்ட? ஆமா, பேரு போட்டிருக்கா?"

முன்னுரையை ஷ்யாமளா படித்திருந்தாள். அதில் நன்றி இருந்தது. முதல்வருக்கு, மனைவிக்கு, மலைமேல் சுடச்சுட ஃபில்டர் காப்பி தந்த ஒரு ஓட்டலுக்கு. கடைசியில் 'பெயர் அறியாத உள்ளூர் உதவியாளர்களுக்கு'.

"இன்னும் அச்சாகலை" என்றாள். பொய் இல்லை.

நோட்டு அந்த அறையை விட்டு வெளியே வராது என்று தீர்மானமானது. எனவே புதன், வியாழன் இரண்டு சாயங்காலமும் ஷ்யாமளா முறுக்கு டின் ஒன்றின் மேல் உட்கார்ந்து, சீட்டுகளின் பட்டியலை மடியில் விரித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகக் கேட்டாள். மாரீஸ்வரி மாவைச் சுற்றியபடியே சொன்னாள். அவள் நிமிரும்போதெல்லாம் ஷ்யாமளாவின் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டாள். எண்ணெய்ச் சட்டியின் மேல் கண் போனால் நோட்டு மூடிக்கொண்டது. இசக்கிதுரை இரண்டு நாளும் அதே கட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தான். வியாழன் இரவு எட்டு மணிக்குக் கணக்கு முடிந்தபோது அறுபத்தோரு இடம் தப்பு. தேதிகள் எல்லாம் சரி. அவற்றைப் பேராசிரியர் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். பஞ்சாங்கத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நாளைக்குப் பத்தரைக்கு நோட்டை எடுத்துண்டு காலேஜுக்கு வருவேளா?"

"பாப்போம்" என்றாள் மாரீஸ்வரி. அது ஆமாம் இல்லை, இல்லையும் இல்லை.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. தலைவி டாக்டர் சாதனா, ஒல்லியாக, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு. பேராசிரியர் பேச எழுந்தார். மழை, மூடுபனி, தனிமை, விஞ்ஞானியின் தவம். அட்டை கடித்த இடத்துக்கு வந்தபோது பேன்ட்டை ஒரு அங்குலம் தூக்கவும் செய்தார். ஷ்யாமளா வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தே முக்கால். பெஞ்சில் யாரும் இல்லை. வரவில்லையென்றால் அவள் கையில் இருப்பது பேராசிரியருக்கு எதிரான ஒரு காகிதம் மட்டும். பதினாலு மாதம் ரொம்ப நீளமாகத் தெரிந்தது.

"சரிபார்ப்புச் சான்றிதழ்?" என்றார் சாதனா.

ஷ்யாமளா நீட்டினாள். கையெழுத்து இருந்தது. ஆனால் அதற்கு மேலே வாசகம் மாறியிருந்தது. அவளே தட்டச்சு செய்தது. 'இருநூற்றுப் பதினாலு தாள்களையும், பறித்தவரான தாராவி மாரீஸ்வரியின் களக் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தேன். தேதிகள் சரி. அறுபத்தோரு இடங்களைத் திருத்த வேண்டும். பட்டியல் இணைப்பு.'

சாதனா இரண்டு தடவை படித்தார். "யார் இந்த மாரீஸ்வரி?"

"உள்ளூர் உதவியாளர்" என்றார் பேராசிரியர், வேகமாக. "சுமை தூக்க. ஷ்யாமளாவுக்குச் சற்றுக் குழப்பம். உண்மையான களக் குறிப்பேடு இதோ." தோல் அட்டையை முன்னால் தள்ளினார்.

சாதனா அதைப் புரட்டினார். விரலால் ஒரு பக்கத்தைத் தடவினார். பிறகு கேட்டார்: "மழையில் எழுதியதா?"

"கொட்டும் மழையில்."

அப்போதுதான் வராந்தாவில் செருப்புச் சத்தம். மாரீஸ்வரி உள்ளே வரவில்லை. கதவருகே நின்று, அறையில் உள்ள ஒவ்வொரு முகமாக எடை போட்டாள். பிளாஸ்டிக் பையில் சுற்றிய நோட்டு அவள் இடுப்பில் இருந்தது. இசக்கிதுரை பின்னால் காவல்.

சாதனா நோட்டை வாங்கவில்லை. வாங்க முடியாது என்று பார்த்ததுமே புரிந்திருக்க வேண்டும். எண்பத்தேழு எங்கே என்று இந்தியில் கேட்டார். மாரீஸ்வரி பிரித்துப் பார்க்காமலே பம்பாய் இந்தியில் சொன்னாள். அனுமார் கோவில், ரெண்டாவது குட்டை, எருமைக்கு எதிர்ப்பக்கம். அதோடு நிற்காமல், அந்தக் குட்டையில் தண்ணீர் வற்றும்போது பூத்தலை கறுக்கும் என்றும், மூன்றாவது குட்டையில் கறுக்காது என்றும், ஏன் என்று மாட்டுங்கா சாரிடம் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை என்றும் சொன்னாள்.

சாதனா பாட்டில் மூடியைத் திறந்தவர் குடிக்க மறந்துபோனார். "கறுக்குமா? எப்போது?" என்று பேனாவை எடுத்தார்.

பேராசிரியர் வேங்கடசுப்ரமணியன் ஒரு நிமிஷம்தான் தடுமாறினார். பெரிய மனிதர்களுக்கு அதற்கு மேல் ஆகாது. மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "இவளைக் கண்டுபிடித்ததே நான்தான்."

"அதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார் சாதனா, எழுதுவதை நிறுத்தாமல். "இடத்தை மட்டும் சரியாகப் போடுங்கள்."

இருநூற்றுப் பதினாலு சீட்டுகளையும் மறுபடி அடிக்க ஷ்யாமளாவுக்கு ஒரு மாதம் ஆனது. பறித்தவர் என்கிற இடத்தில் தன் பெயரையும் 'மற்றும்' போட்டுச் சேர்க்கச் சொல்லி பேராசிரியர் மூன்று தடவை ஆள் அனுப்பினார். எழுத்தில் தரச் சொன்னாள். வரவில்லை. அட்டை கடித்த கதையும் அந்த மாதத்திலிருந்து மாட்டுங்காவில் கேட்கவில்லை.

சீட்டு ஒட்டி முடிந்ததும் மாரீஸ்வரிக்குச் சொல்லி அனுப்பினாள். வந்தாள். எண்பத்தேழாம் தாளை வெகுநேரம் பார்த்தாள். செடியை அல்ல, மூலையில் இருந்த ஆங்கில எழுத்தை.

"இதுதான் எம்பேரா?"

"ஆமா. இங்கே. மாரீஸ்வரி."

"நீங்க சொல்லுதிய" என்றாள் மாரீஸ்வரி. போனை எடுத்து, வீடியோவில் மகளை அழைத்து, சீட்டுக்கு நேரே பிடித்தாள். "ஏட்டி, இதுல என்ன எழுதிருக்குன்னு படி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், நீயா படி."

மகள் எழுத்துக் கூட்டாமல் படித்தாள். மாரீஸ்வரி இன்னொரு தாளைக் காட்டி, அதையும் படிக்கச் சொன்னாள். பிறகு மூன்றாவது. அதற்கப்புறம்தான் போனை மடியில் வைத்துவிட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

அவள் போன பிறகு ஷ்யாமளா பிரித்தாள். இருபது கைமுறுக்கு, அஞ்சு சுற்று, எல்லாம் எதிர்ப்பக்கம் சுழித்தவை. புத்தம்புது பட்டர் பேப்பரில், ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, மேலே இன்னொரு பட்டர் பேப்பர். செய்தித்தாள் ஒரு துணுக்குகூட இல்லை.

இவள் இன்ஸ்பெக்டர் இல்லையென்று மாரீஸ்வரி இன்னும் நம்பவில்லை என்று தெரிந்தது. ஷ்யாமளா ஒன்றை ஒடித்து, வாயில் போடுவதற்கு முன்னால், வழக்கம்போல முகர்ந்து பார்த்தாள்.